அடைக்கலமும் கழுத்துப் பலகையும்

ஆங்கிலம் பிறந்த இடம் இங்கிலாந்தாக இருக்கலாம். குடியிருப்பது எங்கள் ஐந்தாம் பாரம் வகுப்பில், நார்த்தாமலை அடைக்கலத்தின் வாய்க்குள். அவன் தும்மினால் லண்டனில் அகராதியைத் திருத்துவார்கள். ஒரே குறை, வாய்க்குள் குடியிருப்பது வெளியே வருவதில்லை.

தினமும் நார்த்தாமலையிலிருந்து கீரனூருக்கு நடந்து வந்து படிக்கிறவன் அவன். சாலையோரப் புளியமரம் ஒவ்வொன்றிடமும் ஒரு ஆங்கில வார்த்தையை ஒப்படைத்திருந்தான். பரீட்சையில் கண்ணை மூடிக்கொண்டு ஊரிலிருந்து மறுபடி மனசுக்குள் நடப்பான். மரம் வர வர வார்த்தை வரும். கரண்டுக் கம்பம் நடுவதற்காக ஒரு மரத்தை வெட்டினார்கள். அதற்குப் பிறகு 'பெர்ப்பெண்டிகுலர்' அவனுக்கு வரவே இல்லை.

ஆங்கில வாத்தியார் ஆத்மநாதன் சாருக்கு ஒரு சட்டம் உண்டு. அவர் வகுப்பில் தமிழ் பேசியவன் கழுத்தில் கயிறு கோத்த மரப்பலகை தொங்கும். அடுத்து எவன் தமிழ் பேசி மாட்டுகிறானோ அவனுக்கு அது மாறும். வெள்ளிக்கிழமை கடைசி மணியடிக்கும்போது பலகை எவனிடம் இருக்கிறதோ, அவன் திங்கட்கிழமை முழுப் பள்ளிக்கும் முன்னால் ஆங்கிலத்தில் பேச வேண்டும். ரெட்டரிக், அதாவது மேடைப் பேச்சு, பழகுவதற்காம்.

போன வருஷம் அடைக்கலம் அப்படி மேடை ஏறினான். "ரெஸ்பெக்டட்" என்றான். யாரை என்று சொல்லவில்லை. மறுபடியும் "ரெஸ்பெக்டட்" என்றான். பிறகு இறங்கி, பையைக்கூட எடுக்காமல் ஊரைப் பார்த்து நடந்துவிட்டான். ஒரு வாரம் கழித்துக் கொண்டுவந்து விட்ட அவன் அப்பா, இன்னொரு தடவை ஓடிவந்தால் படிப்பு கிடையாது, கல்லுடைக்கத்தான் என்று எங்கள் காதுபடச் சொல்லிவிட்டுப் போனார்.

இந்த வருஷம் ஒரு வெள்ளிக்கிழமை, கடைசிப் பீரியட். சட்டையர் என்றால் புகழ்கிற மாதிரியே குத்துவது என்று சார் விளக்கிக்கொண்டிருந்தார். ஜன்னல் வழியே ஒரு ஆடு தலையை நீட்டி அடைக்கலத்தின் புத்தகத்தைத் தின்னத் தொடங்கியது.

"விட்டுருப்பா, பரீட்சைக்கு வேணும்" என்று ஆட்டிடம் கெஞ்சினான் அவன்.

தமிழில்தான். பலகை அவன் கழுத்தில் ஏறியது.

பக்கத்தில் மலையாண்டி முணுமுணுத்துக்கொண்டிருந்ததும் தமிழ்தான். பிடித்துக் கொடுத்துத் தப்பித்திருக்கலாம். அடைக்கலம் அதைச் செய்யவில்லை. கண்ணை மூடிக்கொண்டான். பெஞ்சுக்கடியில் அவன் கால்கள் மெல்ல அசைந்தன. இந்தத் தடவை புளியமரங்களைத் தாண்டி வீட்டுப் பக்கம்.

அந்த நேரம் பார்த்து நான் "ஆத்தாடி, கட்டெறும்பு" என்று துள்ளி எழுந்தேன். வகுப்பே சிரித்தது. பலகை என் கழுத்துக்கு வந்தது. மணியும் அடித்தது.

திங்கட்கிழமை நான் பேசிய சட்டையர் அடைக்கலத்தைப் பற்றித்தான். லண்டன் அகராதி, தும்மல் எல்லாம் அதில் உண்டு. என்னிடம் ஆங்கிலம் பற்றாததால் வார்த்தைகளைக் காலையில் அவனிடமே கேட்டு வாங்கியிருந்தேன், யாரைப் பற்றி என்று மட்டும் சொல்லாமல். பள்ளிக்கூடம் வயிறு குலுங்கச் சிரித்தது. அவனும் சிரித்தான்.

மத்தியானம் குழாயடியில் வந்து நின்றான்.

"எறும்பு எங்கிட்டுடா கடிச்சுச்சு?"

"கால்ல" என்றேன், தயங்காமல்.

அவன் குனிந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.

"கால்ல கடிச்சா காலத்தான்டா தேய்ப்பாக. நீ கழுத்தயில்ல நீட்டுன."