இளைப்பு மாத்திரையும் பழனியப்பனுக்கு வந்த சாமியும்

கம்பவுண்டர் உத்தியோகம் என்றால், டாக்டர் எழுதியதைக் கொடுத்துவிட்டு, நோயாளி தின்றதற்குப் பதில் சொல்வது. மருந்து கொடுக்கும் ஜன்னலுக்கு உள்பக்கம் நின்று தொண்டை வற்றியவர்களுக்கு என் கஷ்டம் புரியும். அறுபதுகளில் மல்லசமுத்திரத்தில் ஒரு டாக்டரிடம் இருந்தேன். என் தொண்டையை வற்ற வைத்த புண்ணியவான், நிலக்கடலை போடும் பழனியப்பன். பனி விழுந்தால் அவருக்கு இளைப்பு வந்துவிடும்.

உரக் கணக்கு

மூச்சுக்குழாயை விரிக்கிற மாத்திரையை டாக்டர் எழுதினார். காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. கூடினால் நெஞ்சு படபடக்கும், கை நடுங்கும், அப்படியானால் அடுத்ததைப் போடாமல் ஓடி வாருங்கள் என்று படித்துப் படித்துச் சொன்னேன். ஒரு வாரத்து மாத்திரையைப் பாதி வாரத்தில் முடித்துவிட்டு, தூக்கமில்லாத சிவந்த கண்ணோடு வந்து நின்றார். ஏன் இப்படி என்று கேட்டேன். எனக்கு விவசாயம் தெரியாதே என்று பரிதாபப்பட்டு விளக்கினார்:

“பயிரு சோந்து நின்னா உரம் சேத்திப் போடறதில்லீங்களா? ஒடம்புக்கு மட்டும் வேற சட்டமுங்களா?”

சம்பந்தி உபசாரம்

அடுத்த தடவையும் சீக்கிரமே தீர்ந்தது. இந்த முறை அவர் தின்னவில்லையாம், உத்தமர். மகளுக்குப் பார்த்த மாப்பிள்ளையின் அப்பா வந்த இடத்தில் இருமினாராம். மாத்திரைகளில் பாதியை அவருக்கு மடித்துக் கொடுத்துவிட்டார். எங்கள் டாக்டரிடமே வருகிற அந்த மனிதருக்கோ ஏற்கெனவே நெஞ்சு நோய், இது ஆகவே ஆகாது. அலறியடித்து சைக்கிளில் ஆள் அனுப்பி, தின்னுமுன் திருப்பி வாங்கினேன். பழனியப்பனுக்கு என்மேல் ஏக வருத்தம்.

“ஊடு தேடி வந்த சம்பந்திக்குக் குடுத்ததைத் திருப்பி வாங்குனா, எம்பொண்ணை எப்படிங்க கட்டுவாங்க?”

மலையில் வந்த அருள்

கட்டினார்கள். கல்யாணம் முடிந்ததும் திருச்செங்கோட்டு மலைக்குப் படியேறுவதாகப் பழனியப்பனுக்கு வேண்டுதல். நின்று நின்று ஏறு, மூச்சு முட்டினால் இறங்கிவிடு என்று டாக்டர் சொல்லியிருந்தார். கல்யாண வீட்டாரோடு நானும் போனேன். பாதி மலையில் பழனியப்பன் வெடவெடவென்று ஆட ஆரம்பித்தார். வியர்வை ஆறாக ஓடியது. கூட்டம் சாமி வந்துவிட்டது என்று காலில் விழுந்தது. மழை வருமா என்று ஒருவர் கேட்க, பழனியப்பன் தலை நடுங்கியதை ஆமாம் என்று எடுத்துக்கொண்டார்கள். நாடியைப் பிடித்தேன். அது எண்ண முடியாத ஓட்டம் ஓடியது. இறக்குங்கள் என்றேன். சாமியைத் தொட்டால் குத்தம் என்று என்னைத் தள்ளினார்கள். அவர் சம்சாரம் பாப்பாயி கூட்டத்தைப் பிளந்துகொண்டு வந்து, ஒரு காலிப் பொட்டலத்தை என் கையில் வைத்தார். மலை ஏறும்போது இளைக்கக் கூடாதென்று அடிவாரத்திலேயே, அத்தனையையும் காப்பியோடு விழுங்கியிருக்கிறார் மனுஷன்.

“சாமி இதுக்குள்ள இருந்துதானுங்க வந்துச்சு. தூக்குங்க, எம்புருசன் எனக்கு வேணும்.”

அந்த அம்மா குரலுக்குத்தான் கூட்டம் அசைந்தது. வேட்டியில் தூளி கட்டி இறக்கினோம். டாக்டர் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்து, மறுநாள்தான் ஆளைக் கண் திறக்க வைத்தார். இனிமேலாவது அளவோடு போடுவீர்களா என்று கேட்டேன். பலவீனமாகச் சிரித்தார்.

“போடறேனுங்க. அதிருக்கட்டும், மழை வந்துச்சுங்களா?”

சாமி சொன்ன அந்தப் பாழாய்ப்போன மழை மட்டும் மலையிறங்கிய அன்று சாயங்காலமே கொட்டித் தீர்க்காமல் இருந்திருந்தால், மாத்திரையை அளவாய்ப் போட மல்லசமுத்திரத்துக்கே நான் கற்றுக்கொடுத்திருப்பேன்.