ரீட்டா வீட்டுத் தபால்பெட்டி

“…அப்ப, நான் ஒரு ஆம்பிளையோட குடும்பம் நடத்துறன் எண்டு அவங்களுக்கு எழுதி அனுப்பினது நீங்கள்தானே அக்கா?”

எங்கள் நிதிய அலுவலகக் கவுண்டருக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டவள் ரீட்டா. பென்டில் ஹில்லில் என் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருப்பவள். மன்னாரிலிருந்து வந்த பிள்ளை. கணவர் இறந்த பிறகு பத்து வயது மகனோடு தனியே இருந்தாள். முதியோர் இல்லக் குசினியில் சமையலுக்கு உதவும் பகுதிநேர வேலை. அந்தச் சம்பளம் போதாது என்பதால், தனியாகப் பிள்ளை வளர்க்கிற தாய்மாருக்கு அரசாங்கம் கொடுக்கும் உதவிப்பணத்தையும் சேர்த்துத்தான் வீட்டு வாடகை கட்டினாள். அந்த உதவிப்பணத்தை நிறுத்தி வைத்திருப்பதாகச் சொல்லும் கடிதம் அவள் கையில் கசங்கிக்கொண்டிருந்தது.

கடிதத்தில் இருந்தது இதுதான்: உங்கள் முகவரியில் அன்ரன் என்றொருவர் வசிப்பதாக எங்களுக்குத் தகவல் கிடைத்திருக்கிறது. அவர் உங்கள் துணைவரா? இரண்டு கிழமைக்குள் (பதினான்கு நாட்களுக்குள்) விளக்கம் தரவும்.

“அவங்களுக்கு போன் எடுத்தனான். அப்பிடி ஒருத்தரும் என்ர வீட்டிலை இல்லை எண்டு சொன்னனான். அப்ப அவர் எங்கை இருக்கிறார், அத்தாட்சி காட்டு எண்டு கேக்கிறாங்கள். நான் எங்கை போறது அத்தாட்சிக்கு? உங்கட கவர்தான் அவன்ர பேரிலை என்ர பெட்டிக்கு வாறது. வேற ஆர் சொல்லியிருப்பினம்?”

அவள் குரல் உயர்ந்தது. வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அவள் சொன்னது சரியாகத்தான் இருக்க வேண்டும்.

உண்டியல்

இந்தத் தொழிலுக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்காக எங்கள் நிதியம் என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கட்டடத் தொழிலாளர்களுக்கான நிதியம் அது. ஒவ்வொரு தொழிலாளியின் பெயரிலும் முதலாளி கிழமைக்குக் கிழமை ஒரு தொகை கட்டுவார். வேலை போனால் அந்தப் பணத்தைத் தொழிலாளி எடுக்கலாம். கம்பி கட்டுகிற ஒரு அண்ணர் அதற்கு, “வேலை போற நாளிலை உடைக்கிற உண்டியல்” என்று பெயர் வைத்திருந்தார். எங்கள் கையேட்டில் ஆறு பக்கத்தில் எழுதியிருந்ததை அவர் ஒரு வரியில் முடித்துவிட்டார். நான் படித்தது பள்ளிக்கூடம் வரைதான். மிச்சத்தை இப்படிப்பட்ட ஆட்களின் வாயிலிருந்துதான் படித்தேன்.

ஆனால் அந்த உண்டியலுக்கு ஒரு ஜன்னல் இருக்கிறது. வரி அலுவலகமும் உதவிப்பணம் கொடுக்கும் அலுவலகமும் சட்டப்படி எழுதிக் கேட்டால் நாங்கள் கொடுத்தே ஆகவேண்டும். சில வேளை ஒருவரைப் பற்றிக் கேட்பார்கள். சில வேளை, இந்த மாதத்திலிருந்து இந்த மாதம் வரை யாருக்கெல்லாம் பணம் கொடுத்தீர்கள் என்று மொத்தமாகக் கேட்பார்கள். பெயர், பிறந்த திகதி, முகவரி, எடுத்த தொகை எல்லாம் ஒரே கோப்பாகப் போகும். அங்கே அதை மனிதர் வாசிப்பதில்லை. கணினி வாசிக்கும். தனித் தாய் என்று பதிந்த ஒருத்தியின் முகவரியும் வேலை இழந்த ஆண் ஒருவனின் முகவரியும் ஒன்றாக இருந்தால், கணினிக்கு அது ஒரு குடும்பம்.

எங்கள் ஆட்களின் வழக்கம் கணினிக்கு எப்படித் தெரியும்? கட்டட சைட்டில் வேலை செய்கிற இளம் பெடியள் ஆறு மாதத்துக்கு ஒரு அறை மாறுவார்கள். ஒருவன் கார் விடும் கராஜில் இருப்பான், இன்னொருவன் நாலு பேரோடு வீட்டு முன் ஹோலில் படுப்பான். கடிதத்துக்கு ஒரு நிலையான இடம் வேண்டும். பூட்டுள்ள தபால்பெட்டி, ஆங்கிலம் வாசிக்கத் தெரிந்த ஆள், வீடு மாறாத ஆள் என்று தேடினால் பென்டில் ஹில்லில் அது ரீட்டாதான். “ரீட்டாக்கான்ர அட்ரஸைப் போடு” என்று ஒருவன் மற்றவனுக்குச் சொல்வான். எங்கள் படிவத்தில் வசிக்கும் முகவரி வேறு, தபால் முகவரி வேறு. இவர்கள் இரண்டிலும் அவள் வீட்டையே எழுதுவார்கள். ஞாயிறு பூசை முடிய தேவாலய வாசலில் அவளிடம் கடிதங்களை வாங்கிக்கொள்வார்கள். அவள் அதற்கு ஒரு நன்றிகூடக் கேட்டதில்லை.

சொல்ல முடியாத பதில்

“சொல்லுங்கோ அக்கா. அன்ரன் உங்கட மெம்பர்தானே?”

அதற்குத்தான் நான் பதில் சொல்லக் கூடாது. எங்கள் வேலையில் ஒருவர் எங்கள் அங்கத்தவர் என்று சொல்வதும் குற்றம், இல்லை என்று சொல்வதும் குற்றம். ஊருக்கே தெரிந்த விசயமாக இருந்தாலும் அப்படித்தான். அன்ரனின் பதிவைத் திறந்து பார்க்கவும் முடியாது. காரணமில்லாமல் ஒரு பதிவைத் திறந்தால், யார் திறந்தது, எப்போது திறந்தது என்று கணினி எழுதி வைக்கும். பக்கத்து மேசைப் பெண் ஒருத்தி தன் மச்சானின் கணக்கைச் சும்மா பார்த்ததற்காகவே வேலையை இழந்தவள். என் கை மௌஸில் இருந்தது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

“ஒரு நிமிசம் நில்லு ரீட்டா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய், அவளுக்கு ஏதாவது சொல்லலாமா என்று என் மேலாளர் கிரெக்கிடம் கேட்டேன். நல்ல மனிதர், ஆனால் பயந்தவர்.

“சாந்தி, டோன்ட் ஈவன் நொட்” என்றார். தலையைக்கூட ஆட்டாதே என்கிறார்.

“அவளுக்கு வாடகை போகப்போகுது, கிரெக்.”

“ஐ நோ. நீ ஆட்டினால் உன்ர வேலையும் போகும்.”

திரும்பி வருகிற அந்தச் சின்னத் தூரத்தில் யோசித்தேன். நாளைக்கு மரக்கறிக் கடையில் இவளைப் பார்க்க வேண்டும். எங்களுடைய சனம் என்ன சொல்லும் என்றும் தெரியும். “சாந்தி அக்காட்டைச் சொன்னால் அரசாங்கத்திட்டைச் சொன்ன மாதிரி” என்று ஏற்கெனவே ஒருவர் பகிடியாகச் சொல்லித் திரிந்தார். அது இனிப் பகிடியாக இருக்காது.

“ரீட்டா, நான் ஒருத்தரைப் பற்றியும் உன்னட்டைக் கதைக்க ஏலாது. ஓம் எண்டும் சொல்ல மாட்டன், இல்லை எண்டும் சொல்ல மாட்டன்.”

“அப்ப அவங்களுக்கு மட்டும் வாய் திறக்கும். எனக்குத் திறக்காது. என்ன?”

அந்தச் சொல் குத்தியது.

“கோவிலிலை எல்லாற்ற கண்ணும் என்னிலை அக்கா. என்ர பிள்ளை கேக்கிறான், அம்மா, அன்ரன் மாமா எங்கட வீட்டுக்கு வரப்போறாரோ எண்டு. ஆரோ பள்ளிக்கூடத்திலை சொல்லியிருக்கினம்.” அவள் கண் கலங்கவில்லை. கலங்கியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போதுதான் எனக்குச் சொல்லக்கூடிய ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அது யாரையும் பற்றியது அல்ல. எல்லோருக்கும் பொதுவான சட்டம்.

“வடிவாக் கேள். ஆராவது ஒரு மெம்பர் தன்ர முகவரி பிழையெண்டு நினைச்சால், தானே வந்து திருத்தச் சொல்லலாம். அதோடை இன்னொண்டும் கேக்கலாம். ‘இந்தப் பிழையான முகவரியை முந்தி ஆருக்குக் குடுத்தனீங்களோ, அவைக்கும் திருத்தத்தை அறிவியுங்கோ’ எண்டு. அவர் கேட்டால் நாங்கள் அறிவிக்கத்தான் வேணும். அவர் வாயாலை கேக்கோணும். நீயும் கேக்க ஏலாது, நானும் கேக்க ஏலாது.”

ரீட்டா கடிதத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, “போயிட்டு வாறன்” என்று போனாள்.

கராஜ்

நாட்கள் போயின. யாரும் வரவில்லை. ஒவ்வொரு முறை கதவு திறக்கும்போதும் நிமிர்ந்து பார்த்தேன். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது ரீட்டா வந்தாள். அன்ரனின் சட்டைக் கையைப் பிடித்திருந்தாள், நழுவிவிடுவான் என்பது போல.

அன்ரன் நல்ல உயரம், நல்ல உடம்பு. ஆனால் கவுண்டரைக் கண்டதும் சுருங்கிப் போனான். “அக்கா, எனக்கு விருப்பந்தான். ஆனால் இருக்கிற இடத்தைச் சொன்னால் இருக்க இடமில்லாமல் போயிடும்.”

அவன் இருந்தது மெரிலேண்ட்ஸில் தேவா அங்கிளின் கராஜில். அது ஆள் தங்க நகரசபைக் கவுன்சிலின் அனுமதி இல்லாத கராஜ். கட்டிலைப் போட்டு, ஒரு திரையைத் தொங்கவிட்டு வாடகைக்குக் கொடுத்திருந்தார். தேவா அங்கிள் முதல் நாளே சொல்லியிருக்கிறார்: “தம்பி, கடிதம் வந்தால் கவுன்சில் வரும். என்ர அட்ரஸ் ஒரு இடத்திலையும் வரக்கூடாது.”

“நாங்கள் கவுன்சிலுக்குச் சொல்லுவமோ எண்டு கேக்கிறீரோ?” என்றேன். “கவுன்சில் எங்களிட்டைக் கேக்கிறேல்லை. கேக்காத ஆளுக்கு நாங்கள் குடுக்கிறேல்லை. அதுக்கு மேலை என்னாலை சத்தியம் பண்ண ஏலாது.”

அது உண்மை, ஆனால் ஆறுதல் இல்லை. அன்ரன் நிலத்தைப் பார்த்தான். “அப்ப வேண்டாம் அக்கா. நான் ரீட்டாக்காவுக்கு வேற விதமா உதவி செய்யிறன்…”

“என்ன விதமா? என்ர வாடகையை நீ கட்டப்போறியோ? கட்டினால் அதையும் எழுதுவாங்கள், புருசன் கட்டுறார் எண்டு!”

வரிசையில் யாரோ சிரித்தார்கள். ரீட்டா சிரிக்கவில்லை. கைபேசியை எடுத்தாள், எண்ணை அழுத்தினாள், ஸ்பீக்கரில் போட்டு கவுண்டரில் வைத்தாள்.

“ஹலோ, தேவா அங்கிள்? ரீட்டா கதைக்கிறன். அன்ரன் என்ர வீட்டிலை இருக்கிறான் எண்டு என்ர காசை நிப்பாட்டிப் போட்டாங்கள். அவன் உங்கட கராஜிலை படுக்கிறான் எண்டு இண்டைக்குச் சொல்லப்போறான்.”

“ஐயோ பிள்ளை, கவுன்சில்…”

“கடிதம் உங்களுக்கு வராது. போஸ்ட் ஒபிசிலை அவன் ஒரு பெட்டி எடுப்பான். ஆனால் இவனை நீங்கள் வெளியிலை கலைச்சால், ஞாயிறு பூசை முடிய நானே நிண்டு எல்லாருக்கும் சொல்லுவன். கராஜுக்கு என்ன வாடகை வாங்குறீங்கள் எண்டதையும் சேத்துச் சொல்லுவன்.”

அந்தப் பக்கம் தொலைக்காட்சி நாடகத்தில் யாரோ அழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

“சொல்லட்டும்” என்றார் தேவா அங்கிள். போன் கட்டானது.

“ரீட்டா, நீ கொஞ்சம் அங்காலை போய் நில்” என்றேன். அவள் முறைத்தாள். ஆனாலும் போனாள். விதி விதிதான். பிறகு, கோவிலில் எத்தனையோ தரம் கண்ட அன்ரனிடம், முன்பின் தெரியாதவனிடம் கேட்பது போல முழுப்பெயர் கேட்டேன், பிறந்த திகதி கேட்டேன். அவன் சொன்னான். இருக்கிற இடம் கேட்டேன். மெரிலேண்ட்ஸ் முகவரியைச் சொன்னான். “முந்திக் குடுத்த இடத்துக்கும் அறிவியுங்கோ” என்று தன் வாயாலேயே கேட்டான். அன்றைக்கே திருத்தம் போனது. அதன் பிரதி ஒன்றை அவன் கையிலும் கொடுத்தேன். அதைக் கொண்டுபோய் யாரிடம் கொடுத்தான் என்று நான் கேட்கவில்லை.

கெடு முடிந்தது. அதன் பிறகும் பதில் இல்லை. அந்தக் கிழமை மரக்கறிக் கடையில் ரீட்டாவைக் கண்டேன். “இன்னும் வரேல்லை அக்கா. வீட்டுக்காரி ரெண்டு தரம் வாடகை கேட்டிட்டா” என்று சொல்லிவிட்டு வெங்காயத்தைப் பொறுக்கிக்கொண்டே நின்றாள். எனக்கு என்ன வாங்க வந்தேன் என்பதே மறந்துவிட்டது. அடுத்த கிழமைதான் உதவிப்பணம் திரும்ப வந்தது, நிறுத்தி வைத்ததும் சேர்த்து.

இதில் நான் படித்தது இதுதான். கவுண்டரில் இருக்கிற பிள்ளைகளே, தகவலை எப்படிப் பாதுகாப்பது என்று உங்களுக்குப் பயிற்சி கொடுப்பார்கள். எப்படிப் பகிர்வது என்றும் கொடுப்பார்கள். பிழையான தகவல் போனால் அது யாருடைய வீட்டுக் கதவைத் தட்டும் என்று ஒருவரும் சொல்லித் தர மாட்டார்கள். புதிய அங்கத்தவர் படிவத்தை நீட்டும்போது ஒரு கேள்வி கேளுங்கள்: “இரவிலை எங்கை படுக்கிறீங்கள்?” அந்தக் கேள்வியை நான் அதன் பிறகு ஒருவரிடமும் கேட்காமல் விட்டதில்லை. சிலர் கோபித்தார்கள், சிலர் வெட்கப்பட்டார்கள். உண்மையைச் சொன்னவர்களே அதிகம். இன்னொன்று, சொல்ல முடியாததைச் சொல்லாதீர்கள். ஆனால் சொல்லக்கூடியது என்ன என்று கடைசிவரை தேடுங்கள். அநேகமாக ஒன்று இருக்கும்.

பெரிய சைட் ஒன்று மூடப்போகிறது, நிறையப் பேருக்கு வேலை போகப்போகிறது என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த நேரம் ரீட்டா மறுபடியும் வந்தாள். நல்ல செய்தி சொல்ல வந்திருக்கிறாள் என்று நினைத்து எழும்பினேன். அவளுக்குப் பின்னால் நாலு ஆண்கள், சப்பாத்தில் சீமெந்து காயாமல், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி வரிசையாக வந்தார்கள்.

“அக்கா, இவையள் ஆர், உங்கட ஆக்களோ இல்லையோ எண்டு உங்களிட்டைக் கேக்க நான் வரேல்லை. ராவிலை எங்கை படுக்கினம், ஆற்ற அட்ரஸைப் போட்டவை எண்டு இவையளே சொல்லுவினம்.”

நாலாவதாக நின்றவன் மணிக்கூட்டைப் பார்த்து, “ரீட்டாக்கா, நான் நாளைக்கு வரட்டோ…” என்று மெல்லப் பின்வாங்கினான்.

ரீட்டா சுவரோரம் கிடந்த கதிரை ஒன்றை இழுத்து, வாசல் கதவுக்குக் குறுக்கே போட்டு, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள்.