பரீ மாத்து

நாவுக்குச் சொல்லாகவும், சொல்லுக்குப் பொருளாகவும், இரண்டும் அடங்கிய இடத்தில் மௌனமாகவும் எழுந்தருளியிருக்கும் எம்பெருமானைத் தலையால் வணங்கித் தொடங்குகிறேன்.

இன்று மார்கழி வளர்பிறை ஏகாதசி. கார்த்திகை நட்சத்திரமும் கூடியிருக்கிறது. விடியற்காலையில் வடக்கு வாசல் திறக்கக் கண்டு, கோஷ்டியில் பாசுரங்கள் கேட்டுத் திரும்பி, உபவாசத்தோடு உட்கார்ந்து இதை எழுதுகிறேன். இந்தத் திருநாளில் ஒரு வீடியோ கேமைப் பற்றி எழுதலாமா என்று கேட்பவர்கள் கேட்கட்டும். அதற்கு நன்றி சொல்ல இதைவிடப் பொருத்தமான நாள் எனக்குப் பஞ்சாங்கத்தில் அகப்படவில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் மைசூரில் நாங்கள் கூட்டுக் குடும்பமாக இருந்தோம். பெரியப்பா, பெரியம்மா, அவர்கள் பிள்ளையான அண்ணா, என் அம்மா, அப்பா, நான். எனக்கு அப்போது ஒன்பது வயது. பெரியப்பா பகலில் ஆபீஸ் குமாஸ்தா. கோயிலிலோ அவர்தான் கோஷ்டியைத் தொடங்குகிறவர். எதிரெதிராக இரண்டு வரிசையில் எல்லோரும் உட்கார்ந்திருக்க, பாசுரத்தின் முதல் சொல்லை அவர் எடுத்துக்கொடுப்பார், மற்றவர்கள் சேர்ந்துகொள்வார்கள். அந்த ஒரு சொல் எழும்பாவிட்டால் கோஷ்டியே எழும்பாது. ஞாயிற்றுக்கிழமைகளில் தெருப் பையன்களுக்குச் சந்தை சொல்லிக்கொடுப்பார். சந்தை என்றால் கடைவீதி அல்ல. சொல்லிக்கொடுக்கிறவர் ஒருமுறை சொல்ல, கற்கிறவர்கள் அதை இருமுறை திருப்பிச் சொல்லி மனத்தில் பதித்துக்கொள்ளும் முறைக்கு எங்கள் அகங்களில் வழங்கும் பெயர் அது.

அந்த வருஷம் தசரா முடிந்த கையோடு பெரியப்பாவுக்குப் பக்கவாதம் வந்தது. கை தேறியது, கால் கோலூன்றி நடந்தது, நாக்கு மட்டும் எழவில்லை. வாய்விட்டு எதையாவது படித்துக்கொண்டே இருக்கவேண்டும் என்றார் டாக்டர். பெரியம்மா பாசுரப் புத்தகத்தைக் கொண்டுவந்து மடியில் வைத்தாள். பெரியப்பா அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, இடது கையால் மெல்லத் திருப்பிக் கொடுத்துவிட்டார். மறுநாளும் அப்படியே. செய்தித்தாளை வைத்தால், நான்கு எழுத்துக்குள் வரி மேல் வரி ஏறிக் குழம்பி, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வார்.

கோயிலிலிருந்து ஒரு பெரியவர் பார்க்க வந்தார். "ஒடம்பெ பாத்துக்கோங்கோ. ஏகாதசிக்கு இந்த வருஷம் வேற யாராவது தொடங்கட்டும். ஸ்தானம் எங்கே போயிடப்போறது" என்றார். பெரியப்பா தலையசைத்தார். அவர் போனபின் பெரியம்மா தளிகை உள்ளில் அடுப்போரம் அம்மாவிடம் அழுதாள்: "டாக்டர் சொன்னா சொல்லட்டும். இவர் பெருமாள் வார்த்தையே வேண்டாம்னு திருப்பித் தரார். என்ன கோபமோ, யார் மேலேயோ."

இப்படி வீடு இருந்தபோதுதான், பெங்களூரிலிருந்து தீபாவளிக்கு வந்த மாமா அண்ணாவுக்கு ஒரு வீடியோ கேம் பெட்டி வாங்கிவந்தார். டிவியில் மாட்டுவது. அதற்கான கேசட்டுகளை மண்டி மொஹல்லாவில் ஒரு சந்துக்கடையில் மாற்றிக்கொள்ளலாம். கடைக்காரர் தமிழ்நாட்டு எல்லையோரம் கௌதள்ளிப் பக்கத்துத் தமிழர். நாங்கள் ஒரு கேசட்டின் முன் மயங்கி நின்றோம். அட்டையில் வாளேந்திய வீரன். அவனுக்கு எதிரே நெருப்புக் கக்கும் பெரிய மிருகம். டிராகன் என்றான் அண்ணா. எனக்கு அது இறக்கை முளைத்த யாளி. கோயில் தூணில் பார்த்ததுதான்.

"இது பெரிய ஆட்டமுங்க கண்ணு," என்றார் கடைக்காரர். "மத்ததாட்ட ஒரு நாள்ல முடியாது. மாசக்கணக்குல ஓடும்."

மாசக்கணக்கில் ஏன் ஓடும் என்பதை அவர் சொல்லவில்லை. அன்று சாயங்காலமே தெரிந்துவிட்டது. திரையில் வீரன் வந்தான். ராஜா வந்தார். ராஜா பேசினார். திரையின் அடியில் ஒரு கறுப்புக் கட்டம். அதில் ஆங்கில எழுத்துகள் டிக், டிக், டிக் என்று ஒவ்வொன்றாக விழும். வாக்கியம் முடிந்ததும் மூலையில் ஒரு சின்ன முக்கோணம் கண்சிமிட்டிக்கொண்டு நிற்கும். பட்டனை அமுக்கினால் அடுத்த வாக்கியம். ராஜா முடித்தால் மந்திரி, மந்திரி முடித்தால் வாயிற்காவலன். வீரன் எங்கே போகவேண்டுமோ அங்கே தானே நடந்துபோனான். நாங்கள் நகர்த்தினால் நகரமாட்டான். வாளை உருவவே இல்லை. வழியில் ஒரு கிழவர், தம் கால்வலிக் கதையைக் கேட்கிறாயா என்று கேட்டார். ஆம், இல்லை என்று இரண்டு சொற்கள் தோன்றின. எங்களிடம் விடப்பட்ட முதல் முடிவு அதுதான். ஆவலோடு 'இல்லை' என்பதை அமுக்கினோம். கிழவர், 'அப்படியா, இருந்தாலும் சொல்கிறேன்' என்று தொடங்கினார்.

எதைத் தேர்ந்தாலும் எம்பெருமான் சங்கற்பித்ததே நடக்கும் என்பதைப் பாரதந்திரியம் என்று பெரியோர்கள் விரித்துரைப்பதைப் பிற்பாடு எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். அந்தக் கிழவரைப்போல் எனக்கு அதைப் பளிச்சென்று உணர்த்தியவர் இல்லை.

"பரீ மாத்து," என்று அண்ணா பட்டன் பலகையை வீசினான். "ஆட்டம் எங்கே இருக்கு இதுல? பரீ மாத்து கணே."

வெறும் பேச்சடி என்பதற்கு எங்கள் ஊர்க் கன்னடம் அது. வீட்டுக்குள் தமிழ், வாசலுக்கு வெளியே கன்னடம் என்று பெயர். உண்மையில் இரண்டும் ஒரே வாயில் கைகோத்துத்தான் திரிந்தன.

கேசட்டை மாற்றிவரலாம் என்று மறுநாள் போனால், கடை பூட்டியிருந்தது. கடைக்காரர் ராகி அறுப்புக்கு ஊருக்குப் போய்விட்டார். வர நாளாகும் என்றார்கள். அண்ணா கிரிக்கெட்டுக்குப் போனான். நான் யாளியை விடுவதாக இல்லை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் டிவி முன் உட்காருவேன். பெரியம்மா விளக்கேற்றும் வேளையில் அணைத்துவிட வேண்டும். அந்தப் பெட்டிக்கோ ஞாபகம் கிடையாது. அணைத்தால் போயிற்று, நாளைக்கு மறுபடி ராஜா, மறுபடி மந்திரி, மறுபடி கால்வலி.

பெரியப்பாவின் கட்டில் அதே கூடத்தில்தான் இருந்தது. ஒரு நாள் ராஜா பேசிக்கொண்டிருக்கையில் என் பின்னாலிருந்து ஒரு சத்தம் வந்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பா திரையைப் பார்த்தபடி, விழும் எழுத்தோடு எழுத்தாக வாயைக் கூட்டிக்கொண்டிருந்தார். "லி... லிச... லிசன்." முக்கோணம் சிமிட்டியது. நான் பட்டனை அமுக்கினேன். கோல் தரையில் டொக்கென்று இடித்தது. மறுபடி அமுக்கினேன், மறுபடி டொக். அடுத்த வாக்கியத்தில் அமுக்காமல் காத்திருந்தேன். அவர் ஒருமுறை சொன்னார். மூச்சு வாங்கிக்கொண்டு இரண்டாம் முறையும் சொன்னார். பிறகு "ம்" என்றார். அப்போதுதான் எனக்குப் புரிந்தது: அவர் ராஜாவிடம் சந்தை சொல்லிக்கொண்டிருந்தார்.

அன்றுமுதல் என் வேலை, அவர் இருமுறை சொல்லி "ம்" என்னும்வரை விரலைத் தூக்கிவைத்துக் காத்திருப்பது. ஏற்கெனவே ஆடமுடியாத ஆட்டம். இப்போது அமுக்கவும் முடியாத ஆட்டமாயிற்று. முதல் நாள் ராஜாவின் சபையைத் தாண்டுவதற்குள் விளக்கேற்றியாயிற்று. சில நாள் கழித்து மந்திரியைக் கடந்தோம். பின்னொரு நாள் கால்வலிக் கிழவர் வரை போனோம். யாளி நெருங்குகிறது என்று நான் மகிழ்ந்தேன்.

பெரியம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "பாசுரம் சேவிச்ச வாயாலே இதென்ன கண்றாவி? பெருமாள் வேண்டாம், இந்தப் பேய்ப் பொம்மை வேணுமா?"

"இருக்கட்டும் அக்கா," என்றாள் அம்மா. "ஏதோ ஒண்ணு வாயிலே வரதோல்லியோ."

மார்கழி பிறந்து சில நாளில் கடை திறந்துவிட்டதென்று அண்ணா ஓடிவந்தான். வந்த வேகத்தில் பெட்டியிலிருந்து கேசட்டைப் பிடுங்கினான். பெரியப்பா கட்டிலில் நிமிர்ந்து கையை நீட்டினார். முகம் சிவந்தது. "மா... மாத்து," என்றார். பிறகு இன்னும் அழுத்தமாக, "மாத்து."

"பாத்தியா?" என்று அண்ணா என்னைப் பார்த்துச் சிரித்தான். "அப்பாவே மாத்தச் சொல்லிட்டார்." தன் அப்பா வாயிலிருந்து இரண்டு மாதத்துக்குப் பின் வந்த முதல் தமிழ்ச் சொல்லைத் தலைமேல் தாங்கிக்கொண்டு, கேசட்டை மாற்ற ஓடினான்.

வந்தது கார்ப் பந்தயக் கேசட். கார்கள் சீறின, மோதின, உருண்டன. ஓர் எழுத்துகூட விழவில்லை. பெரியப்பா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தார். மறுநாள் முழுக்க அவரிடமிருந்து "ம்" என்ற சத்தம்கூட இல்லை. பெரியம்மா ஊட்டிய சாத்தமுது சாதம் கடைவாயில் வழிந்தது. "கொஞ்சம் தேறிண்டு வந்தாரே," என்று அவள் முந்தானையால் துடைத்துவிட்டாள். அந்தக் கண்றாவியை அவள் தேடத் தொடங்கியதை அம்மா மட்டும் கவனித்திருப்பாள்.

சாயங்காலம் அண்ணா காரை ஓட்டிக்கொண்டிருந்தபோது, கட்டிலிலிருந்து மறுபடியும் வந்தது: "மாத்து."

"மறுபடியுமாப்பா? நேத்துதானே மாத்தினோம்."

வாசலில் பூக்காரியிடம் கன்னடத்தில் வம்பளந்துகொண்டிருந்த அம்மா, அந்த மூச்சிலேயே திரும்பினாள். "அடே அசடு. கேசட்டெ மாத்தச் சொல்லலேடா அவர். மாத்து வேணும்ங்கறார். பரீ மாத்துன்னு நீ தூக்கி எறிஞ்சியே, அந்த மாத்து. பேச்சு."

பெரியப்பாவின் கண்ணிலிருந்து நீர் இறங்கியது. தலையை மேலும் கீழும் ஆட்டினார். அண்ணா செருப்புகூடப் போடாமல் ஓடினான். நானும் பின்னால் ஓடினேன். வேறு யாராவது கொண்டுபோயிருந்தால் என்று வழியெல்லாம் அவனைக் கேட்டுக்கொண்டே போனேன். கடைக்காரர் மேல்தட்டிலிருந்து எடுத்துத் தூசு தட்டினார். "இதையா தேடி ஓடியாந்தீங்க? இதெ யாரும் சீண்ட மாட்டாங்களே கண்ணு."

யாரும் சீண்டாதபடி காத்துவைத்த எம்பெருமானை இன்றும் கைகூப்புகிறேன்.

ஏகாதசிக்கு முந்தின நாள் பள்ளி விடுமுறை. மதியமே தொடங்கினோம். ராஜாவும் மந்திரியும் பெரியப்பா வாயில் தங்குதடையின்றிக் கடந்தார்கள். கால்வலிக் கிழவரின் கதையை அவர் அபிநயத்தோடு சொன்னார். காடு வந்தது, குகை வந்தது. விளக்கேற்ற இன்னும் நேரமிருந்தது. கடைசியில் யாளி வந்தது. திரை நிறைய நின்று வாயைத் திறந்தது. நான் நெருப்பை எதிர்பார்த்து முழந்தாளில் எழுந்தேன். டிக், டிக், டிக். யாளியும் பேசிற்று. பேசிப் பேசி, நாம் நண்பர்களாக இருப்போம் என்று முடித்துப் பறந்துபோயிற்று. வாள் உறையிலேயே இருந்தது.

நான் ஓவென்று அழுதேன். பெரியப்பாவோ சிரித்தார். உடம்பு குலுங்க, குரல் எழும்பச் சிரித்தார். அந்தச் சத்தம் கேட்டுத் தளிகை உள்ளிலிருந்து ஓடிவந்த பெரியம்மா, கரண்டியோடு நிலைப்படியில் நின்றுவிட்டாள். "ஒரு மாசம் பேசி, கடைசியிலே அதுவும் மா... மாத்து," என்றார் அவர்.

மறுநாள் விடியலில் கோயிலுக்குப் போனோம். பெரியப்பா தம் பழைய இடத்தில் உட்கார்ந்தார். தொடங்குவதாக இருந்த பெரியவர் அவர் முகத்தைப் பார்த்தார். என்ன கண்டாரோ, கைகூப்பி, "தேவரீரே சாதிக்கணும்," என்று தொடக்கத்தை அவருக்கே விட்டார். இரண்டு வரிசையும் அவர் பக்கம் திரும்பின. விளக்குத் திரி பொரியும் ஓசை கேட்டது. பெண்கள் பக்கத்தில் பெரியம்மா என் தோளை இறுகப் பற்றினாள்.

முதல் சொல் வந்தது. எழுத்து எழுத்தாக, திரையில் விழுவதுபோலவே விழுந்தது. யாரும் முந்தவில்லை. சொல் முழுதாகி முடிந்த கணத்தில், என் வலக்கைக் கட்டைவிரல் தானாக இடது உள்ளங்கையை அமுக்கியது. கோஷ்டி எழும்பியது.

பாசுரப் புத்தகத்தை அவர் ஏன் திருப்பிக் கொடுத்தார் என்பது, நான் மணமாகிப் போனபின் பெரியம்மா சொல்லித்தான் தெரிந்தது. அவர் அவளிடம் சொன்னாராம்: "எம்பெருமான் வார்த்தையெ ஒடைச்சு ஒடைச்சா பழகறது? ராஜா மந்திரி பேச்சுன்னா ஒடைஞ்சாலும் பாதகமில்லே." ஒன்பது வயதில் இதெல்லாம் எனக்கு எங்கே தெரியும்? ஒவ்வொரு நாளும் யாளியை நோக்கிக் கொஞ்சம் கொஞ்சமாக முன்னேறுகிறோம் என்று மட்டும்தான் நினைத்திருந்தேன்.

மறுநாள் துவாதசிப் பாரணையோடு உபவாசம் முடிந்து, பெரியப்பா கோலூன்றி என்னோடு மண்டி மொஹல்லாவுக்கு வந்தார். கடைக்காரர் எழுந்து, "வாங்க சாமி. ஆட்டம் எப்படிங்க இருந்துச்சு?" என்றார்.

"பேச்சு கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் பெரியப்பா.

இத்தனை நாளாக நான் நினைத்ததை ஒரு பெரியவரே ஒப்புக்கொண்டாரே என்று எனக்கு ஒரே பெருமை. அவர் கேசட்டை இரண்டு கையாலும் எடுத்து, நீட்டுவதற்கு முன் ஒரு கணம் கண்களில் ஒற்றிக்கொண்டார். கடைத்தூசு கண்ணில் விழுந்துவிட்டதென்று நினைத்து, "பெரியப்பா, ஊதட்டுமா?" என்று கேட்டேன்.

இதை வாசித்தவர், வாசிக்கக் கேட்டவர் எல்லோர் நாவிலும் நல்ல சொல் தடையின்றி எழுக. எழத் தாமதமானால், விரலை அமுக்காமல் காத்திருக்கும் ஒருவர் அருகில் அமைக. அரவணையான் அருளால் அனைவர் அகமும் நிறைக.