பொலிஸுக்கு முன்னால் செத்த அரசி

ஒப்பனை அறைக் கதவை யாரோ படபடவென்று தட்ட, மேடையேற வேண்டிய நான் மை தீட்டுவதை நிறுத்திவிட்டேன்.

நாங்கள் அகதிகளாக வந்து குடியிருந்த மோர்னிங்சைட் அபார்ட்மென்டிலும் இப்படித்தான் தட்டினார்கள். அப்போது எனக்கு ஒன்பது வயது. நூலகத்தில் எடுத்த பழைய ஆங்கில நாடகமொன்றின் அரசியாகி, விஷம் குடித்து, "கொலை! கொலை!" என்று ஆங்கிலத்தில் அலறிக்கொண்டிருந்தேன். வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்த அம்மா கத்தியோடேயே போய்க் கதவைத் திறந்தார். வாசலில் இரண்டு பொலிஸ்காரர்கள். பக்கத்து வீட்டார் அழைத்திருக்கிறார்கள்.

எங்கள் அகதி வழக்கு முடியாத காலம். பொலிஸ் பிரச்சினை வந்தால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

"உது நாடகமெண்டு சொல்லு பிள்ளை!"

"சொன்னனான் அம்மா, நம்புறாங்கள் இல்லை."

"அப்ப நடிச்சுக் காட்டு, கெதியா!"

நடித்தேன். அவர்களின் கண்ணோ அம்மாவின் கையிலிருந்த கத்தியில். பாதியில் எனக்கு வசனம் மறந்துபோனது. ஒருவர் உள்ளே காலெடுத்து வைத்தார்.

அம்மா அடுத்த வரியை ஆங்கிலத்தில் சொன்னார். நாள்தோறும் கேட்டுக் கேட்டே பாடமாகியிருந்தது! அந்த வரியைப் பிடித்துக்கொண்டு நடித்துச் செத்து விழுந்தேன். பொலிஸ்காரர்கள் கைதட்டினார்கள்.

இன்று கதவைத் தட்டியது என்னை மேடைக்கு அழைக்கத்தான். அம்மா முன்வரிசையில் இருக்கிறார். நான் தடுமாறினால் சபை முழுக்கக் கேட்கும்படி வசனத்தை எடுத்துக்கொடுப்பார். இப்போது பயமெல்லாம் அதற்குத்தான்.