ஒன்பது மில்லிமீட்டர்

மனிஹேராவின் வயிற்றெரிச்சலுக்கு அளவு உண்டு. ஒன்பது மில்லிமீட்டர்.

நகரத்துப் பரிசோதனைக்கூடம் அனுப்பிய புகைப்படம் வடிசாலைச் சுவரில் ஒட்டப்பட்டிருந்தது. ஆன்டிபயாடிக் மாத்திரைகளுக்கு அடங்காத புண் கிருமியை ஒரு கண்ணாடித் தட்டில் பாசிபோலப் படரவிட்டு, மலையில் வளரும் மானுகாப் புதரின் இலையில் வடித்த எண்ணெயில் நனைத்த காகிதப் பொட்டுகளை அதன்மேல் வைத்திருந்தார்கள். எண்ணெய் கிருமியை அண்டவிடாத இடம் பொட்டைச் சுற்றி வெறும் வட்டமாகத் தெரிந்தது. கெய்த்தாவின் வட்டம் இருபத்து நான்கு. மனிஹேராவுடையது பதினைந்து.

கெய்த்தா அவன் சித்தப்பா மகள். ஒரு வயது மூத்தவள். பள்ளியில் அவள் பந்து விளையாடிக் கோப்பை வாங்கியபோது இவன் காலை உடைத்துக்கொண்டிருந்தான். இவன் பதினேழு வயதில் பைன் காடுகளில் ரம்பம் பிடிக்கப் போய், நாற்பதில் முதுகு போய்ச் சொந்த ஊரான கிழக்கு முனைக்கே திரும்பி வந்தபோது, அவள் குடும்பத்தாரின் பொது வடிசாலைக்குச் செயலாளராக இருந்தாள். நாற்பத்து நான்கு வயதில் ஒரு பல்லைக்கூட அடைத்ததில்லை. அதையும் அவன் கவனித்து வைத்திருந்தான்.

"மலைதான்டி காரணம்," என்றான் மனைவி பாரேயிடம். "அவளுக்கு வடக்குச் சரிவு. நாள் பூரா வெயில் குடிக்குது. எனக்கு வந்தது தெற்கு. ஈரமும் பாசியும்."

"மலையைப் பங்கு பிரிச்சப்போ சீட்டு எடுத்தது நீதானே?"

"அவதான் முதல்ல எடுக்கச் சொன்னா. அதுல என்னமோ இருந்திருக்கு."

பாரே உருளைக்கிழங்கு உரிப்பதை நிறுத்தி அவனைப் பார்த்தாள். "உனக்குப் பைத்தியம்."

இரண்டாம் கட்டச் சோதனைக்கு ஒரே ஒரு குடும்பத்தின் எண்ணெயைத்தான் எடுப்பார்கள். வேண்டுமானால் மாதக் கடைசிக்குள் இன்னொரு குப்பி அனுப்பலாம் என்றும் எழுதியிருந்தார்கள். அந்த ஒரு குப்பிதான் மனிஹேராவுக்கு மிச்சமிருந்த வழி. அந்த வாரம் பக்கத்து ஊரில் மராய் என்னும் குலக் கூடத்தில் ஒரு சாவு. வழக்கப்படி பிணத்தோடு மூன்று நாள் இருந்துவிட்டு வரக் கெய்த்தா போய்விட்டாள்.

இரண்டாம் நாள் காலையில் மனிஹேரா தன் வண்டியை வடக்குச் சரிவில் ஏற்றினான். அவள் துக்கத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் அவள் கிளைகளை வெட்டுகிறோம் என்று நெஞ்சு உறுத்தியது. வட்டத்தை நினைத்தான். உறுத்தல் நின்றது. ஒரு வண்டி நிறைய வெட்டி வந்து கொப்பரையில் திணித்து நீராவியைத் திறந்தான். எண்ணெய் கயிறுபோல இறங்கியது, பிறகு நூலானது. நாலாவது மணியில் வெறும் சொட்டு. கடல் வற்றும் நேரம். சிங்கி இறால் கூண்டுகளைத் தூக்க வேண்டும். எப்போதும்போல நீராவி அடைப்பைத் திருகி மூடினான். கெய்த்தாவோ எட்டு மணி நேரம் சொட்டையே பார்த்துக்கொண்டு குறுக்கெழுத்துப் போடுவாள். வேற வேலையில்லாதவள்.

குப்பியில் தன் பெயரை எழுதி அனுப்பினான்.

பதில் வந்த அன்று வடிசாலையில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். செயலாளர் என்பதால் கெய்த்தாவே வாசித்தாள்.

"மனிஹேரா. பதினஞ்சு."

"மறுபடியுமா?" என்று யாரோ சிரித்தார்கள். "அவன் வயசு ஏறினாலும் வட்டம் ஏறாது போல!"

"இருங்கப்பா, கீழே குறிப்பு இருக்கு." அவள் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டாள். "'இலை நல்ல இலை. லேசான எண்ணெய் முதலில் இறங்கிவிடும். இந்தக் கிருமியை அடக்கும் கனமான பாகம் கடைசி மணிகளில்தான் வரும். சீக்கிரம் நிறுத்தியிருக்கிறீர்கள்.'"

மனிஹேராவுக்குக் காது சுட்டது. அவள் மலை, அவள் இலை, அவள் வெயில். எல்லாம் இருந்தும் அதே பதினைந்து. இனி மலையைத் திட்டவும் வழியில்லை. இரண்டாம் கட்டத்துக்கு அவள் எண்ணெயே போகும் என்று அங்கேயே முடிவானது.

வண்டியருகே கெய்த்தா வந்து நின்றாள்.

"மூணு நாள் அழுதுட்டு வந்து பார்த்தா, என் மலையில மாடு மேய்ஞ்சிருக்குடா தம்பி. கத்தி வச்சிருக்கிற மாடு. இடக்கை மாடு. வெட்டெல்லாம் ஒரே பக்கமா சாய்ஞ்சிருக்கு."

அவன் இடக்கையைக் கால்சட்டைப் பைக்குள் விட்டான். "எல்லார் முன்னாடியும் சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா உனக்கு நிம்மதியா இருந்திருக்கும். என்கூடச் சண்டை போட்டுட்டுப் போயிருப்பே." அவள் சிரிக்கவில்லை. "அவங்களுக்கு ரெண்டு பீப்பாய் எண்ணெய் வேணுமாம். என் ஒருத்தியால முடியாது. பகல் வேலைதான். எட்டு மணி நேரம் உட்காருவியா?"

"பீப்பாய்ல யார் பேரு?"

"என் பேரு."

பளாரென்று அறைந்திருந்தால்கூட இவ்வளவு எரிந்திருக்காது. இருந்தும் திங்கட்கிழமை அவன் வந்தான். ஐந்தாவது மணியில் கை தானாக அடைப்புக்குப் போனது.

"எடு கையை," என்றாள் கெய்த்தா, குறுக்கெழுத்திலிருந்து தலை நிமிராமல்.

எடுத்தான். ஆறாவது மணியில் விழுந்த சொட்டு, தேன்போலத் தடித்து, மஞ்சளாக இருந்தது. இத்தனை வருடமும் தன் தெற்குச் சரிவில் இந்தச் சொட்டை உள்ளேயே விட்டுவிட்டு இலையைக் கொட்டியிருக்கிறான்.

"அடுத்த வருஷம் என் இலையை எட்டு மணி நேரம் வடிச்சு அனுப்புறேன்," என்றான். "அப்பப் பாரு, உன் வட்டம் எங்கே நிக்குதுன்னு."

"பத்து மணி நேரம் வடிப்பேன் நான்," என்றாள் கெய்த்தா.