ஒன்றை அழுத்தியவர்களுக்கு

அக்கா மறைந்து ஓராண்டு நிறைகிறது. அவர் பேச்சை நிறுத்தி ஒன்பது நாள்தான் ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் உறவினர்கள் பலருக்கு இது விளங்காது. பனியன் கம்பெனிகளிலிருந்து வந்திருக்கும் சிலருக்கு விளங்கும். இரு தரப்புக்கும் சேர்த்தே எழுதுகிறேன்.

அக்கா பிறந்தது கணியூரில். அப்பா கரும்பு வெட்டப் போனவர்; சீக்கிரமே காலமானார். அக்கா மடத்துக்குளத்தில் பிளஸ் டூ முடித்தார். மேலே படிக்க ஆசை இருந்தது, வசதி இல்லை. என்னைப் படிக்க வைக்கத் திருப்பூருக்கு வேலைக்கு வந்தார். நான் படித்த லட்சணம் உங்களுக்கே தெரியும். செக்கிங் பிரிவில் பல வருடம் நின்றபடியே வேலை பார்த்தார். துணியை விரித்ததும் தையல் விட்ட இடத்துக்குத்தான் அவர் கண் முதலில் போகும். மனிதர்களிடமும் அப்படித்தான். ஆனால் பார்த்ததை முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்.

மச்சான் நிட்டிங் மிஷின் ஓட்டியவர். குடிதான் அவரைக் கொண்டுபோனது. தினமும் அக்கா “குடிச்சீங்களா?” என்று கேட்பார், மச்சான் “இல்லை” என்பார். ஏழு வருடக் குடும்பம் இதிலேயே முடிந்துபோனது. “நான் கேட்டதுல தப்பில்லை கண்ணு. கேட்ட கொரல்லதான் தப்பு” என்று பிற்பாடு ஒருமுறை என்னிடம் சொன்னார்.

அதன்பின் என்னோடும் அம்மாவோடும் வந்து இருந்தார். பனியன் தொழிலாளர்களின் குடி, போதை மாத்திரைப் பழக்கத்தை ஆராய்ந்து அரசுக்குப் பரிந்துரை எழுத வந்திருந்த ஒரு குழுவில் களப்பணியாளராகச் சேர்ந்தார். வெள்ளிக்கிழமைதோறும் காலை பதினொரு மணிக்கு, கம்பெனிகளில் டீ விடும் நேரத்தில், ஆய்வில் சேர்ந்தவர்களுக்கெல்லாம் போன் வரும். பதிவு செய்த குரல் கேட்கும்: இந்த வாரம் குடித்தீர்களா? ஆம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. பதில் கம்ப்யூட்டருக்குப் போய்விடும். யார் எதை அழுத்தினார் என்று களப்பணியாளர்களுக்குக்கூடத் தெரியாது. முதலில் செய்தி வாசிப்பது போன்ற ஒரு குரலை வைத்திருந்தார்கள். திருப்பூரே திருந்திவிட்டதுபோல எல்லோரும் இரண்டையே அழுத்தினார்கள்.

“அந்தக் கொரலுக்கு யாருங்க உண்மையச் சொல்லுவாங்க? போலீஸ் ஸ்டேசன்ல கேக்கற மாதிரி இருக்குதுங்க” என்று குழுவின் தலைவியான பேராசிரியையிடம் அக்கா சொன்னார். “அப்படின்னா நீங்களே பேசுங்க” என்று அவர் ஒரு சின்னப் பதிவுக் கருவியைக் கையில் கொடுத்துவிட்டார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் அக்கா எங்கள் வீட்டு அறைக்கதவைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, ஜமுக்காளத்தைத் தலையில் போர்த்திக்கொண்டு பேசிப் பதிந்தாராம். நான் அப்போது வீட்டில் இல்லை என்றுதான் இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

அக்காவின் குரல் போகத் தொடங்கியபிறகு ஒன்றை அழுத்துகிறவர்கள் அதிகமானார்கள். சனிக்கிழமை ஒன்றரை ஷிப்ட், அதாவது பன்னிரண்டு மணி நேரம், ஓடும் கம்பெனிகளில்தான் குடி அதிகம் என்று தெரிந்தது. அதிகாரிகள் கூட்டத்தில் அக்கா எழுந்து, “ஒடம்பு வலிக்குத்தான் போறாங்க. மொதல்ல சனிக்கிழமை அந்த மேல் அரை சிப்ட்டை நிறுத்துங்க, அப்பறம் கடையப் பத்திப் பேசலாமுங்க” என்றார். இரண்டு கம்பெனிகள் நிறுத்தின. மற்றவர்கள் டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

நான் வேலை செய்யும் கட்டிங் பிரிவும் ஆய்வில் இருந்தது. நானும் குடித்தேன். வாராவாரம் இரண்டை அழுத்தினேன். ஒரு வெள்ளிக்கிழமை முந்தின நாள் போதை தெளியாமல் வீட்டில் படுத்திருந்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தார். போன் அடித்தது, எடுத்தால் காதில் அதே அக்கா, “வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா?” என்கிறார். எதிரில் இருந்த அக்கா வாய் திறக்கவில்லை. துணியை வைத்துவிட்டு, குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனார். நான் தனியாக இருந்து பதில் சொல்லட்டும் என்றுதான் போனார். நான் இரண்டை அழுத்தினேன். எட்டிப் பார்த்தேன்; குழாயில் தண்ணீர் வரவில்லை, வெறுங்குடத்தோடு நின்றிருந்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. அந்த வெட்கம் சாயந்திரம் வரைதான்.

தலை வலிக்கிறது என்று ஒரு செவ்வாய்க்கிழமை படுத்தார். மூளையில் இரத்தக் குழாய் வெடித்துவிட்டது என்றார்கள். மூன்றாம் நாள் போய்விட்டார்.

வெள்ளிக்கிழமை காலை வீட்டு வாசலில் பந்தல் போட்டுக் கிடத்தியிருந்தோம். அவர் வீடு வீடாகப் பார்த்த தொழிலாளர்கள் கம்பெனிக்குச் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள். துக்கம் கேட்டு என் கையைப் பிடித்த தேனிக்காரர் ஒருவர், நான் வாயைத் திறந்ததும் முகத்தையே பார்த்தார். “ஒங்க கொரலு கேட்ட கொரலா இருக்கேண்ணே” என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார். கையை மட்டும் விடவில்லை. சற்று நேரத்தில் தாராபுரத்துக்காரர் ஒருவரும், “உங்க கொரல எங்கியோ கேட்டிருக்கறனுங்க” என்றார். அவரையும் நான் அதற்குமுன் பார்த்ததே இல்லை.

பதினொரு மணிக்கு ஒரு போன் அடித்தது. இன்னொன்று. பிறகு பந்தல் முழுக்க அடித்தது. அந்த வார அழைப்பை நிறுத்த ஆய்வுக் குழுவில் யாருக்கும் தோன்றவில்லை. யாரோ பதற்றத்தில் ஸ்பீக்கரைத் தொட்டுவிட்டார்.

“வணக்கமுங்க, நல்லா இருக்கீங்களா?”

தலைமாட்டில் இருந்த அம்மா திரும்பி அக்காவின் வாயைப் பார்த்தார். ஒப்பாரி நின்றுபோனது. வந்தவர்கள் போனைத் துண்டிக்கப் போனபோது அம்மா கையெடுத்துத் தடுத்தார். “பேசறா சாமி. பதில் சொல்லிப் போடுங்க.”

ஒவ்வொருவராகச் சுவரோரம் ஒதுங்கி முதுகைக் காட்டி நின்று அழுத்தினார்கள். “அடுத்த வாரம் பேசறனுங்க” என்று அக்கா எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். என் சட்டைப் பையிலும் அடித்தது. எடுத்தேன். பிணத்தின் அருகில் நின்றுகொண்டு இரண்டை அழுத்தினேன். “சந்தோசமுங்க” என்றார்.

காரியம் முடிந்ததும் பேராசிரியை வந்தார். ஆய்வு முடிய ஒரு வருடம் இருந்தது. குடும்பத்தார் விரும்பாவிட்டால் வேறு குரல் வைக்கலாம் என்றார். நிறுத்திவிடுங்கள் என்றேன். அன்பினால் சொல்லவில்லை, பயந்துபோய்ச் சொன்னேன். அம்மா என்னைப் பார்க்காமலேயே, “அவ வேலை இன்னும் முடியலீங்களே” என்றார். குரல் தொடர்ந்தது. வெள்ளிதோறும் நலம் விசாரித்தார், அடுத்த வாரம் பேசுகிறேன் என்றார், சொன்னபடி பேசினார். உயிரோடு இருப்பவர்கள் யாரும் என்னிடம் அவ்வளவு தவறாமல் பேசியதில்லை.

ஒன்பது நாள் முன்பு கடைசி அழைப்பு. கட்டிங் மேஜை அருகே நின்று எடுத்தேன். இனி பொய் சொல்லக்கூட அக்கா கிடைக்க மாட்டார் என்று தோன்றியது. ஒன்றை அழுத்தினேன். அவர் அதற்கு என்ன பதில் பதிந்து வைத்திருந்தார் என்று அதுவரை நான் கேட்டதே இல்லை.

“சரிங்க. உள்ளதச் சொன்னீங்க, நன்றிங்க.”

அவருக்குப் பின்னால் ஒரு வண்டி சரிந்து விழும் சத்தம் கேட்டது. கதவு தட்டும் சத்தம். குழறிய ஒரு குரல்: “ஏக்கா... கதவத் தொற... நான் ஒண்ணும் குடிக்கலக்கா...”

அது நான்.

அக்காவின் குரல் தடுமாறவில்லை. “எத்தனை நாளுன்னு அமுத்துங்க. பொறுமையா அமுத்துங்க, நான் இருக்கறனுங்க.”

பேராசிரியைக்குப் போன் செய்தேன். மறுபடி பதியச் சொன்னதாகவும், அக்காதான் மறுத்துவிட்டதாகவும் சொன்னார். “இருக்கட்டுங்க. எங்கூட்டுலயும் ஒருத்தன் இப்பிடி இருக்கறான்னு தெரிஞ்சா அவங்க கூசாம சொல்லுவாங்க” என்றாராம். பிறகு தனக்குள் சொல்வதுபோல, “அவனும் ஒரு நாளைக்குக் கேப்பானுங்க” என்றாராம்.

முதலில் கோபம் வந்தது. பிறகு கட்டிங் மேஜையில் தலையைக் கவிழ்த்து அழுதேன்.

அக்காவின் கடைசி மூன்று நாளும் உடனிருந்த மருத்துவர்களுக்கும் செவிலியர்களுக்கும், பந்தல் போட்ட பக்கத்து வீட்டாருக்கும், கணியூரிலிருந்து வந்து அம்மாவோடு தங்கிய சொந்தங்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி.

உங்களில் ஒன்றை அழுத்தியவர்களுக்கு என் தனி நன்றி. யார் யார் என்று எனக்குத் தெரியாது. என்னை உங்களுக்கு வாராவாரம் தெரியும். அன்று பந்தலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, தெரிந்ததைச் சொல்லாமல் போனீர்கள்.

முந்தாநாள் வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குப் போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அந்த வாரம் நான் குடிக்கவில்லை. முதல் தடவையாக உண்மையாகவே இரண்டு. போன் அடிக்கவில்லை. இந்த மலரின் பின்னட்டையில் என் எண் இருக்கிறது. வெள்ளிக்கிழமை டீ நேரத்தில் யாராவது கூப்பிட்டுக் கேளுங்கள்.