பச்சை ஜீப்

கோவையில் எங்கள் ஜீப் கிளப்பில் பழைய வண்டி பார்த்து வாங்கத் தெரிந்தவர் என் நண்பர்தான். தொண்ணூறுகளில் உடுமலைப்பேட்டையில் ஒரு பச்சை ஜீப் விலைக்கு வந்தபோது அவரைக் கூட்டிப்போனேன். அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "சேசிஸ் விரிசல் உட்டிருக்குதுங்க, வேண்டாம்" என்றார். வேறொன்றை வாங்கினேன்.

அடுத்த மாதம் தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டு மணலில் ஓட்டக் கிளப்போடு போனோம். அவர் அதே பச்சை ஜீப்பில் வந்து இறங்கினார். என் வண்டி மணலில் புதைந்ததும் அவர்தான் இழுக்க வந்தார். கயிறு மாட்டக் குனிந்தபோது பார்த்தேன். சேசிஸில் விரிசலும் இல்லை, பற்றவைத்த தடமும் இல்லை.

"ஏனுங்க, விரிசல் எங்கீங்க?" என்றேன்.

"எனக்கும் அந்த வண்டி மேல ஒரு கண்ணுங்க" என்று சிரித்தார்.

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அன்றே தனியாக ஊர் திரும்பினேன். அவரை நம்பி, உடுமலையில் நான் குனிந்துகூடப் பார்க்கவில்லை என்பதுதான் வழியெல்லாம் உறுத்தியது.